சிறுவயது உணவின் மேல் வரும் ஏக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்து, வீட்டை விட்டு விலகி, விரும்பியதை வாங்கி உண்ணும் வசதி வந்த பிறகும், சிறுவயதில் கிடைத்த ஏதோ ஓர் எளிய உணவுக்காக மனம் ஏங்குவதைப் பலர் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். அந்த ஏக்கத்தைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டவற்றையும், என் அம்மா மறைந்த பிறகு எனக்குள் நானே கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாதாரண உணவு ஒன்றுக்காக மனம் இத்தனை ஏங்குவது இயல்புதானா?

இயல்புதான். ஆனால், ஒரு காலத்தில் இத்தகைய ஏக்கம் நோயாகவே கருதப்பட்டது. 1688ஆம் ஆண்டில் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்த துயரத்தால் உடல் நலிந்தவர்களைப் பற்றித் தம் ஆய்வேட்டில் எழுதினார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற பெயரை அதற்கு வைத்தவர் அவரே. பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர் ஒருவர் சாகும் நிலைக்குப் போய், வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே தேறத் தொடங்கினார் என்பது அவர் பதிவுசெய்த நிகழ்வுகளுள் ஒன்று. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு இந்தப் பார்வை தலைகீழாக மாறிவிட்டது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடஸ் ஆகியோர் மற்றவர்களுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வுகளில், மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையை உணரும்போதும்தான் மனிதர்கள் பழைய நினைவுகளை அதிகம் நாடுகிறார்கள் என்றும், அவ்வாறு நினைத்துப் பார்த்தவர்களுக்குத் தாம் நேசிக்கப்பட்டவர்கள் என்ற உணர்வு கூடுகிறது என்றும் கண்டார்கள். ஆகவே, இந்த ஏக்கத்தை மனம் தனக்குத் தானே பார்த்துக்கொள்ளும் வைத்தியம் என்றே நான் கருதுகிறேன்.

பழைய படத்தைப் பார்த்தால் வராத அழுகை, ஒரு சமையல் வாசனையை நுகர்ந்தால் வருகிறதே, ஏன்?

சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைக்கு உரியது. நம் வழக்கில் அறுசுவை என்கிறோம். அவற்றுள் காரத்தையும் துவர்ப்பையும் தொடுவுணர்வு சார்ந்தவை என்று இன்றைய உடலியல் வேறாக வைத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு, இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் தெரியும் உமாமி என்ற சுவையைச் சேர்த்து, நாக்கு அறிவது ஐந்து என்கிறது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, யாராவது கொடுக்கும் ஒரு துண்டுப் பழத்தை மென்று பாருங்கள்: இனிப்பும் புளிப்பும் தெரியும், என்ன பழம் என்பது தெரியாது. விரலை எடுத்த கணமே, வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறும் காற்று பழத்தின் பெயரைச் சொல்லிவிடும்.

அந்தக் காற்றில் உள்ள மூலக்கூறுகளைப் பிடிப்பதற்கு மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள்; அவர்களுக்கு 2004இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே மேற்பகுதிக்குச் செல்கின்றன. வாசனைச் செய்தி மட்டும் அங்கே காத்திராமல், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கும், நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய பகுதிகளுக்கும் குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் அது என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்பே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எந்த வயதில் உண்டவை அதிகம் நிலைக்கின்றன?

சைமன் சூ, ஜான் டவுன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர்களிடம் சிலவற்றின் பெயரைச் சொல்லியும், அவற்றின் வாசனையை நுகரச் செய்தும், நினைவுக்கு வரும் நிகழ்வுகளைக் கேட்டுப் பதிவுசெய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சொல்லைக் கேட்டு எழுந்த நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 25 வயது வரையிலான காலத்தவை; வாசனையை நுகர்ந்து எழுந்தவை 6 முதல் 10 வயதுக்குள் குவிந்திருந்தன. பள்ளி விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே அடுக்களைக்கு ஓடிய வயது அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

பிறப்பதற்கு முன்பே சுவை பழகுகிறது என்பது உண்மையா?

உண்மை. கருவிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது. தாய் உண்பவற்றின் மணம் அந்த நீரிலும், பின்னர் தாய்ப்பாலிலும் கலக்கிறது. ஜூலி மெனெல்லாவும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டிய காலத்திலோ கேரட் சாறு அருந்திய தாய்மார்களின் குழந்தைகள், கேரட் கலந்த முதல் திட உணவை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவான முகச்சுளிப்போடு ஏற்றுக்கொண்டார்கள். ‘அம்மாவின் கைமணம்’ என்று நாம் சொல்வது, அந்தக் கையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நமக்குப் பழகத் தொடங்கிவிட்ட ஒன்று.

காய்ச்சலில் கிடந்தபோது ஊட்டப்பட்ட ஓர் உணவு இன்றும் உயிராக இருக்கிறது. இன்னொன்றைக் கண்டாலே குமட்டுகிறது. இரண்டும் நோயில் உண்டவைதானே?

குமட்டலின் காரணம் நன்கு ஆராயப்பட்டது. ஜான் கார்சியாவும் உடனிருந்தவர்களும் 1955இல், இனிப்பு நீரைக் குடிக்கும் எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நோயுறச் செய்தபோது, அவை பின்னர் அந்த இனிப்பையே ஒதுக்கின. உண்ட பிறகு வயிறு கெட்டால், உண்மையான காரணம் எதுவாக இருந்தாலும், உடல் உணவின் மேல்தான் பழியைப் போடுகிறது. ஒரே முறை நடந்தாலும் அது பல ஆண்டுகள் நீடிக்கலாம். மற்றோர் உணவு, நீங்கள் தேறிவரும் வேளையில், பசி திரும்பிய முதல் நாளில் வாய்க்குள் போயிருக்கும். நெற்றியில் ஒரு கை இருந்திருக்கும். இன்னொரு கை கரண்டியைத் தூக்கி, ஊதி, ஆறியதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்திருக்கும்.

அதே பொருள்களை வாங்கி, அதே முறையில் செய்கிறேன். ஆனாலும் அந்தச் சுவை வரவில்லையே, ஏன்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதற்கு என் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

என் அம்மா மாலை வேளையில் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து தருவார். அதைவிட எளிய ஒன்றை யாரும் சமைத்திருக்க முடியாது. அவர் மறைந்த பிறகு அதே பாத்திரத்தில், அதே அளவு சர்க்கரை போட்டு, பாலை மாற்றி மாற்றி வாங்கி, பல ஆண்டுகள் முயன்றும் அந்தச் சுவை எனக்குக் கிட்டவில்லை. ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே அடுப்பை மறந்துவிட்டு, நினைவு வந்து ஓடிப் பார்த்தபோது பால் லேசாக அடிப்பிடித்திருந்தது. கொட்ட மனமில்லாமல் சர்க்கரையைக் கலந்து ஒரு வாய் குடித்தேன். அடுப்பருகே நின்றபடியே அழுதுவிட்டேன். அம்மா எப்போதும் ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்த்தவர். பால் அடுப்பில் இருக்கும்போது துணி மடிப்பார், என் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆகவே பால் தினமும் கொஞ்சம் அடிப்பிடிக்கும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பழுப்பு ஏட்டைக் கரண்டியால் சுரண்டி என் உள்ளங்கையில் வைப்பதும் அவருடைய வழக்கம். நான் கவனமாகக் காய்ச்சிய பாலில் இல்லாமல் போனது அந்தக் கவனக்குறைவுதான்.

இதன் வேதியியலையும் சொல்லிவிடலாம். பாலின் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களும் பாலின் சர்க்கரையான லாக்டோசும் கடும் சூட்டில் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் புதிய மணப்பொருள்கள் பலவற்றையும் உண்டாக்குகின்றன. லூயி காமில் மையார் 1912இல் விளக்கிய இந்த வினை, அவருடைய பெயராலேயே மையார் வினை என்று வழங்குகிறது. வறுத்தவை, சுட்டவை, பொரித்தவை எல்லாவற்றின் மணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே சுவை வரவில்லை என்றால், பொருள்களின் பட்டியலை விட்டுவிட்டுச் சூட்டைப் பற்றி முதலில் யோசியுங்கள். பாத்திரத்தின் அடி மெல்லியதா, தடித்ததா, தீ எவ்வளவு, எது முதலில் எண்ணெயில் விழுந்தது, செய்த பிறகு எவ்வளவு நேரம் மூடி வைக்கப்பட்டது, அன்றே உண்டீர்களா, மறுநாள் சூடாக்கியா? அவசரத்தாலோ சிக்கனத்தாலோ நேர்ந்த ‘பிழை’ ஒன்று உங்கள் வீட்டுச் சுவைக்குள்ளும் இருக்கலாம்.

உண்பவரும் மாறியிருக்கிறார். குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுந்த இனிப்பை விரும்புகிறவர்கள். பதின்பருவத்தின் இடைப்பகுதியில்தான் அந்த விருப்பம் தணிகிறது. நாள் முழுதும் ஓடி விளையாடிவிட்டு வந்த பசியும் இன்று நம்மிடம் இல்லை.

நினைவில் இருக்கும் சுவை உண்மையானதுதானா?

முழுமையாக அல்ல. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓரளவு புதிதாகக் கட்டப்படுவது. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் நாக்கு அதற்கு இணையான ஒன்றைக் கேட்டு அடம்பிடித்தால், சமைப்பவர் மேல் கோபப்பட வேண்டாம்.

மனம் நொந்திருக்கும்போது அந்த உணவை உண்டால் உண்மையில் ஆறுதல் கிடைக்குமா?

ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஜோர்டன் ட்ரோய்சி, ஷிரா கேப்ரியல் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய உறவுகளில் நம்பிக்கை உள்ளவர்கள் தமக்கு ஆறுதல் தரும் உணவைப் பற்றி எழுதியபோதே அவர்களுடைய தனிமையுணர்வு குறைந்தது. 2014இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்விலோ, மனத்தை வருத்தும் படக்காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு ஆறுதல் உணவு, பிடித்த வேறு உணவு, சாதாரண உணவு என்று கொடுத்தும், சிலருக்கு எதுவுமே கொடுக்காமலும் சோதித்தபோது, எல்லோருடைய மனநிலையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் ஆய்வில் வேலை செய்தது உணவோடு பிணைந்திருந்த மனிதரின் நினைவு. இரண்டாவதில் தட்டில் வைக்கப்பட்டது உணவு மட்டும். ஒவ்வொரு துயரத்தையும் தின்றே தீர்க்க முயன்று, பிறகு அதற்காக வருந்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த உணவை ஊட்டியவர் உயிரோடு இருந்தால், கரண்டியைத் தொடும் முன் அவரிடம் பேசிவிடுங்கள்.

அந்த உணவை வேறு எதுவும் இல்லாத வறுமையில்தான் உண்டோம். அதற்குப் போய் ஏன் ஏங்குகிறேன்?

வறுமைக்கு யாரும் ஏங்குவதில்லை. மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒன்று, அந்தப் பழக்கத்தாலேயே பிடித்துப்போகிறது என்று ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். தினமும் ஒன்றையே உண்டவருக்கு அது உடலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதற்கும் மேலாக, இருந்த கொஞ்சத்தை ஒருவர் உங்கள் தட்டில் போட்டுவிட்டு, தமக்குப் பசியில்லை என்று சொன்னதன் பொருள், பெரியவரான பிறகே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அன்பில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள், தமக்கு இப்படி ஏங்குவதற்கு எதுவுமே இல்லையே என்று வருந்துவதையும் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது, விடுதியில் நண்பன் பங்கிட்டது, ஏன், பதினைந்து வயதில் நீங்களே உங்களுக்காகச் செய்துகொண்ட முதல் உணவும் அந்த இடத்தைப் பெறலாம்.

பசியில் வாடும்போது பழைய உணவுகளைப் பற்றிப் பேசுவது வேதனையைக் கூட்டாதா?

இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகள் நடத்திய தெரேசின் முகாமில், யூதப் பெண்கள் பட்டினியின் நடுவே தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை ஒருவருக்கொருவர் சொல்லி, கிடைத்த தாள் துண்டுகளில் எழுதினார்கள். வெண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை என்று தங்களுக்குள் வாதாடவும் செய்தார்கள். அவர்களுள் ஒருவரான மினா பெக்டர் 1944இல் அங்கேயே இறந்தார். இறக்கும் முன் அந்தத் தாள்களைத் தம் மகளிடம் சேர்க்கும்படி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். கைமாறிக் கைமாறி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, அவை நியூயார்க்கில் இருந்த மகளை அடைந்தன. அந்தப் பேச்சு அவர்களுடைய பசியைக் கூட்டியிருக்கவே செய்யும். ஆனாலும் அவர்கள் பேசினார்கள். அடுப்பின் முன் நின்று பிறருக்குப் பரிமாறிய மனிதர்களாகத் தங்களை நினைவில் வைத்துக்கொள்ள அதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வயதான அம்மாவின் சமையலில் இப்போது உப்பு கூடிவிடுகிறது. எப்படிச் சொல்வது?

உப்பைப் பற்றிப் பேசும் முன் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். 1984இல் ரிச்சர்ட் டோட்டி தலைமையில் வெளியான ஆய்வின்படி, 65 முதல் 80 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கும், 80 வயதைக் கடந்தவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேலும் நுகர்வுத்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மணம் தெரியாதபோது உணவு சப்பென்று தோன்றும். கை தானாகவே உப்பை நாடும். குறை சொல்லாமல் அருகில் நின்று, ‘உப்பு மட்டும் நான் போடுகிறேன், அம்மா’ என்று கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார். எரிவாயுக் கசிவும் கெட்டுப்போன உணவின் நாற்றமும் அவருக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், அவற்றை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களிலும் நுகர்வுக் குறைவு முன்னரே தலைகாட்டுவதுண்டு. மாற்றம் திடீரென்று நேர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நோயால் வாசனை உணர்வையே இழந்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

பலருக்குக் கிடைக்கிறது, நுகர்வு நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பவை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் நாளுக்கு இரண்டு முறை கவனத்தோடு நுகரும் 12 வாரப் பயிற்சியைத் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்டார்கள். மருத்துவரைக் கலந்து தொடங்குங்கள்.

எனக்கு உயிரான உணவை என் பிள்ளைகள் தொட மறுக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவை மறுப்பது குழந்தைகளின் இயல்பு. வற்புறுத்தாமல், சிறிய அளவில், பத்துப் பதினைந்து முறையாவது அவர்கள் எதிரே வையுங்கள். அதைவிட முக்கியமாக, அதை நீங்கள் ரசித்து உண்பதை அவர்கள் பார்க்கட்டும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கையால் அவசரமாகச் செய்து போடும் வேறு ஏதோ ஒன்றுக்காக அவர்கள் முப்பது ஆண்டுகள் கழித்து ஏங்குவார்கள். அது எது என்று இன்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

சமைத்தவர் இன்னும் இருக்கிறார். ஆனால் ‘கண்ணளவுதான்’ என்கிறார். எப்படி எழுதி வைப்பது?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அந்த வருத்தத்தால்தான் என் பெரியம்மாவிடம் இரண்டு நாள் தங்கி எழுதிக்கொண்டேன்.

அளவைக் கேட்காதீர்கள்; கேட்டால் அவர் தடுமாறுவார், பிறகு உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். ஒவ்வொரு பொருளும் இருக்கும் பாத்திரத்தைச் சமையலுக்கு முன்பும் பின்பும் எடை போட்டால், குறைந்த எடையே அளவு. அவர் கையில் எடுத்த உப்பை, பானைக்குள் போடும் முன் தராசுத் தட்டில் ஒரு கணம் வைக்கச் சொல்லலாம். பெரியம்மாவின் ஒரு சிட்டிகையை ஐந்து முறை நிறுத்துப் பார்த்தேன், ஐந்து முறையும் ஏறத்தாழ ஒரே எடைதான் வந்தது. தண்ணீரை மறந்துவிடாதீர்கள், பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான். பாத்திரத்தைப் படமெடுத்து, அதன் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தபோது அடுத்ததைப் போட்டார் என்பதைச் சொல்லால் எழுதுவதைவிட, அந்தக் கணத்தைப் படம் எடுப்பது மேல். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவர் எதையாவது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தால், நீங்களும் அந்த இடத்தில் குனிந்து முகர்ந்துகொள்ளுங்கள். ஒரு முறை அவர் சமைக்கட்டும். மறுநாள் நீங்கள் சமைக்க, அவர் அருகில் உட்கார்ந்து திருத்தட்டும். முதல் நாளில் சொல்ல மறந்தவையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டு, போதும் என்று தோன்றும்போது இறக்கிவிடு’ என்று பெரியம்மா சொன்ன வரி என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே, பென்சிலால், 11 நிமிடம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.